சென்னை–இலங்கை சொகுசுக் கப்பல்: சாப்பாடு நன்று, அந்த வேகம் எதற்கு?

சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் நானும் வீட்டுக்காரரும் போய் வந்தோம். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பலர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் குறை இந்தத் தொழில் முழுக்க இருப்பது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் எடுத்தோம், பாஸ்போர்ட் நகலைக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. அறை சுத்தம். காலையில் இட்லி, பொங்கல், சூடான சாம்பார். சைவத்துக்குத் தனி கவுன்டர். பிரியாணி பாசுமதி அரிசியில் செய்தது. சீரக சம்பாவில் ஆம்பூர்ப் பக்குவத்துக்குப் பழகியவர்கள் அதைத் தாண்டி மீன் பக்கம் போங்கள், மீன் அருமை. எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு. முழங்கால் வலிக்காரரான என் வீட்டுக்காரர் எங்கேயும் சிரமப்படவில்லை. இந்த அளவில் கொடுத்த காசு தகும்.

இனி வேகத்துக்கு வருகிறேன். அறை டிவியில் ஒரு சேனலில் கப்பல் நிற்கும் இடத்தையும் வேகத்தையும் வரைபடத்தோடு காட்டுகிறார்கள். ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓடுகிற எண்ணைக் கண்டால் குறித்து வைப்பது தொழில் பழக்கம். சாயங்காலம் சென்னையை விட்டதும் 17, 18 நாட் என்று ராத்திரி முழுக்க ஓடியது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மறுநாள் பகலில் 4, 5 நாட்டுக்கு இறங்கி, கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. திருகோணமலையில் நுழையக் குறித்த நேரமோ அதற்கும் அடுத்த விடியற்காலை! சென்னையிலிருந்து திருகோணமலை சுமார் 280 கடல் மைல். கையில் இருந்தது ஏறக்குறைய 36 மணி நேரம். சீராகப் போனால் 8 நாட் போதும்.

மேல்தளத்தில் தூத்துக்குடிப் பையன் ஒருவர் பணியில் இருந்தார். "ஏன் தம்பி, ஓடிப் போய் நிற்கிறோமே?" என்று கேட்டேன். "வானிலை மாறினா கையில நேரம் இருக்கணும்ல அம்மா. ரொம்ப மெதுவாப் போனா ஆட்டமும் கூடும்" என்றார். இரண்டாவது காரணம் சரியானதுதான். கப்பலின் ஆட்டத்தை அடக்கப் பக்கவாட்டில் துடுப்பு போன்ற இறக்கைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் தண்ணீர் வேகமாக ஓடினால்தான் பிடிப்பு கிடைக்கும். அதனால் 8 நாட் என்று நான் அடம்பிடிக்கவில்லை. 11, 12-இல் போயிருக்கலாம். அதிலேயே வானிலைக்கும் நேரம் மிஞ்சும். 18-க்கு அவர் சொன்ன காரணம் போதாது.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கப்பலைத் தள்ளத் தேவையான சக்தி, தோராயமாக வேகத்தின் முப்படி கணக்கில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் சக்தி சுமார் 27 சதவீதம் குறைகிறது. பயண நேரம் நீளுவதைச் சேர்த்துக்கொண்டாலும், அதே தூரத்துக்கு உந்துவதற்கான எரிபொருளில் 19 சதவீதம் மிச்சம். ஒரு பாதியில் விரட்டி மறு பாதியில் இழுத்துப் பிடிப்பது, அதே தூரத்தை அதே நேரத்தில் ஒரே சீராகப் போவதைவிட அதிகம் குடிக்கும். ஏசி, விளக்கு, சமையலறைக்கு ஆகும் எண்ணெய் வேகத்தைப் பொறுத்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தச் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். ஆனால் எங்கள் பயணத்தில் நாள் கூடவே வேண்டாம், ஏற்கெனவே வீணாகக் கிடந்த நேரத்தைப் பயன்படுத்தினால் போதும்.

பாலாற்றங்கரைக்காரி என்பதால் இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். தோல் கழிவால் எங்கள் ஆறும் கிணறும் போனதற்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்ன 1996 தீர்ப்பு அந்த வழக்கில் வந்ததுதான். ஆய்வகத்தில் நான் கற்றது ஒன்று: தண்ணீரில் கலந்த குரோமியத்தைப் பிறகு பிரித்தெடுப்பதைவிட, பதனிடும் டிரம்மிலேயே அதைக் குறைப்பது மேல். கப்பலுக்கும் இது பொருந்தும். 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.50 சதவீதத்திலிருந்து 0.50-ஆகக் குறைய வேண்டும் என்று உலக விதி வந்தது. பல கப்பல்கள் கந்தகம் மிகுந்த பழைய வகை எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவி, கழுவிய தண்ணீரைக் கடலிலேயே விடுகின்றன. புகையில் இருந்தது தண்ணீருக்குப் போகிறது, அவ்வளவுதான். மெதுவாகப் போனால் எரிவதே குறைகிறது. கரியும் கந்தகமும் கழுவிய நீரும் சேர்ந்தே குறைகின்றன. புதிய இயந்திரம் எதுவும் வாங்கத் தேவையில்லை.

அடுத்தது திமிங்கிலம். திருகோணமலைத் துறைமுக வாசலிலேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது, நீலத் திமிங்கிலங்கள் வருகிற இடம். கப்பல் மோதினால் திமிங்கிலம் சாகும் வாய்ப்பு 15 நாட்டில் சுமார் 80 சதவீதம், 8.6 நாட்டில் சுமார் 20 சதவீதம் என்று 2007-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 11.8 நாட்டுக்குக் கீழே போனால்தான் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 65 அடிக்கு மேற்பட்ட கப்பல்கள் குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட பகுதிகளில் 10 நாட்டைத் தாண்டக்கூடாது என்று 2008-இலேயே விதி போட்டார்கள். அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடா அருகே 2001-இல் ஒரு சொகுசுக் கப்பல் மோதிச் செத்தது வயிற்றில் குட்டி இருந்த திமிங்கிலம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இலங்கையின் தெற்கே திமிங்கிலங்கள் மேல் மோதாமல் இருக்க, எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022-இல் யாரும் கட்டாயப்படுத்தாமலே தன் சரக்குக் கப்பல்களின் பாதையைத் தள்ளி வைத்தது. சரக்குக் கப்பலுக்கு முடிந்தது சுற்றுலாக் கப்பலுக்கு ஏன் முடியாது?

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளைக் காட்டி, "இதுவும் கப்பலால்தானே" என்று ரயிலில் ஒருவர் கேட்டார். இல்லை. அவற்றில் பெரும்பாலானவை இழுவலையில் மாட்டி மூச்சுத் திணறிச் செத்தவை என்றுதான் சொல்லப்பட்டது. அந்தப் பழியைக் கப்பல் மேல் போடக்கூடாது.

போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: திமிங்கிலம் உள்ள பகுதியில் என்ன வேகத்தில் போவீர்கள்? புகையைக் கழுவும் கருவி இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? காட்பாடி டிராவல்ஸ்காரர் என் கேள்வியை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி வைத்தார், அவருக்கு நன்றி. சாப்பாட்டுக்கும் பணியாளர்களுக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கப்பலை ஓட்டும் முறைக்கு ஒன்றரைதான். திருகோணமலை வாசலில் 10 நாட்டுக்குக் கீழே போவோம் என்று பயண அட்டவணையிலேயே அச்சடித்துத் தரும் கப்பல் வந்தால், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் சரி, வாணியம்பாடியில் இருக்கும் நாத்தனார் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போவேன்.