ஸாம்ப்: காரணம் தெரிந்தும் சொல்லாத பேனல்

சொந்தக் கணினியிலேயே வெப்சைட்டை ஓட்டிப் பார்க்க உதவும் இலவசத் தொகுப்பு ஸாம்ப். அதன் பேனலில் ‘ஸ்டார்ட்’ அழுத்துகிறோம். பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் வெப்சர்வரான அப்பாச்சியின் பெயருக்குப் பின்னால் நிறம் ஏறி, அடுத்த நொடியே இறங்கிவிடுகிறது. கீழே சிவப்பில் செய்தி வருகிறது: அப்பாச்சி எதிர்பாராமல் நின்றுவிட்டது, போர்ட் (கணினிக்குள் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) அடைபட்டிருக்கலாம், தேவையான ஃபைல் இல்லாமல் இருக்கலாம், அனுமதி போதாமல் இருக்கலாம், கிராஷ் ஆகியிருக்கலாம், வேறு வழியில் நிறுத்தப்பட்டிருக்கலாம்.

ஐந்து ‘இருக்கலாம்’. எது என்று மட்டும் சொல்லாது. பல வருடமாக இதைப் பயன்படுத்துகிறேன், தெரிந்தவர்களுக்கும் போட்டுத் தருகிறேன். என் எரிச்சல் முழுக்க இந்தச் செய்தியின் மேல்தான். உள்ளே இருக்கும் அப்பாச்சிக்குக் காரணம் நன்றாகத் தெரியும். எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பது வரைக்கும் தெரியும். அதைக் கேட்டு வாங்கி நம்மிடம் காட்ட வேண்டிய பேனல் அதைச் செய்வதில்லை.

ஒரு மாணவரின் லேப்டாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ப்ராஜெக்டை பென்டிரைவில் வைத்துக்கொண்டு, அப்பாச்சியின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில், வெப்சைட் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் ‘டாக்குமென்ட்ரூட்’ வரியில் ஈ டிரைவ் என்று போட்டிருந்தார். ஒருநாள் வேறு யுஎஸ்பி ஏதோ முதலில் செருகியிருந்ததால் பென்டிரைவ் எஃப் டிரைவாக வந்துவிட்டது. அப்பாச்சி எழுந்திருக்க மறுத்தது. அவர் அந்தச் செய்தியின் முதல் வார்த்தையான ‘போர்ட்’டைப் பிடித்துக்கொண்டு ஃபயர்வாலை அணைத்தார், ஆன்டிவைரஸை நீக்கினார், கடைசியில் ஸாம்பையே அழித்துத் திரும்ப நிறுவினார். பழைய கான்ஃபிக் ஃபைலைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததால் அதே கோளாறும் கூடவே திரும்பி வந்தது.

கோளாறுகள் பதிவாகும் எரர் லாக்கைத் திறந்து பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார், புதிதாக ஒரு வரிகூட இல்லை. அங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்பாச்சி முதலில் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும், அதன் பிறகுதான் லாக் ஃபைலைத் திறக்கும். கான்ஃபிக்கிலேயே தடுக்கி விழுந்தால் லாக்கில் எழுத வாய்ப்பே இல்லை. அந்தப் புகார் கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரைக்குத்தான் போகும். பேனல் வழியாக ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் திரை நம் கண்ணில் படாது.

சரி, வழி என்ன? பேனலிலேயே வலது ஓரத்தில் ‘ஷெல்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, அப்பாச்சி ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பின்’ ஃபோல்டருக்குப் போய், ‘எச்டிடிபிடி’ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தும் போடுங்கள். கான்ஃபிக் சரியாக இருந்தால் ‘சின்டாக்ஸ் ஓகே’ என்று வரும். அந்த மாணவரின் லேப்டாப்பில் வந்தது வேறு: இந்த ஃபைலில், இந்த வரியில், டாக்குமென்ட்ரூட்டில் கொடுத்த இடம் ஒரு ஃபோல்டர் அல்ல, அல்லது படிக்க முடியவில்லை. ஒரே வாக்கியத்தில் முடிந்தது. இத்தனை தெளிவாகப் பேசும் ஒரு மென்பொருளின் வாயைப் பொத்திவிட்டு ஐந்து ‘இருக்கலாம்’ போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நியாயமாகப் பேசினால், போர்ட் விஷயத்தில் மட்டும் பேனல் கொஞ்சம் உதவுகிறது. திறந்தவுடனே 80, 443 போர்ட்டுகளைப் பார்த்து, யாராவது பிடித்து வைத்திருந்தால் சொல்கிறது. ஆனால் அடிக்கடி வரும் பதில் ‘அந்த ப்ராசஸைத் திறக்க முடியவில்லை, பிஐடி 4’ என்பதுதான். பிஐடி என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் விண்டோஸ் தரும் எண். புதிதாக வருபவர்கள் டாஸ்க் மேனேஜரில் 4ஐத் தேடி, அது ‘சிஸ்டம்’ என்று பார்த்ததும் பயந்துபோவார்கள். பயப்பட வேண்டாம். அது விண்டோஸின் கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் எச்டிடிபி டிரைவர். மைக்ரோசாஃப்டின் வெப்சர்வரான ஐஐஎஸ் போன்ற சேவைகள் 80ஐக் கேட்டால் அவற்றுக்காக இந்த டிரைவர்தான் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். சர்வீசஸ் பட்டியலில் ‘வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்’ ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் போட்ட மெஷின் என்றால் அதன் ரிப்போர்ட்டிங் சர்வீசஸையும் பாருங்கள்.

‘முதலில் ஸ்கைப்பை மூடு’ என்ற அறிவுரையை இன்னும் இணையம் முழுக்கப் பார்க்கலாம். பழைய ஸ்கைப் 80ஐயும் 443ஐயும் பிடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்தச் சேவையே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. இப்போது அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

80 கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் 8080க்கு மாறச் சொல்வார்கள். நான் 8081 என்று சொல்வேன். ஸாம்போடு கூடவே வரும் ஜாவா சர்வரான டாம்கேட்டுக்கு வழக்கமான போர்ட் 8080. பின்னால் ஜாவா பாடம் வரும்போது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் மோதிக்கொள்ளும். இன்னொன்று, கான்ஃபிக் ஃபைலில் போர்ட் எண்ணைச் சொல்லும் ‘லிசன்’ வரியை மாற்றினால் மட்டும் போதாது. ‘சர்வர்நேம்’ வரியிலும் மாற்றி, பேனலின் சொந்த அமைப்பில் உள்ள ‘சர்வீஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ்’ பகுதியிலும் மாற்ற வேண்டும். பேனல் அப்பாச்சியின் கான்ஃபிக்கைப் படிப்பதில்லை, தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அதை மாற்றாவிட்டால், அப்பாச்சி 8081இல் நன்றாக ஓடும்போதும் பேனல் 80 அடைபட்டிருக்கிறது என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

கறுப்புத் திரையில் ‘லாக்குகளைத் திறக்க முடியவில்லை’ என்று கடைசி வரி வந்தாலும் லாக் ஃபோல்டரின் அனுமதியைப் போய் நோண்டாதீர்கள். இரண்டு வரி மேலே பாருங்கள். பெரும்பாலும் ‘80க்குப் பைண்ட் செய்ய முடியவில்லை’ என்று இருக்கும், அதாவது 80ஐப் பிடிக்க முடியவில்லை. காரணம் அதுதான்.

அடுத்தது டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல். பேனலில் பெயர் அப்படி இருந்தாலும் 2015இல் இருந்து உள்ளே இருப்பது அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. இதற்கும் அதே செய்திதான், அதே ஐந்து ‘இருக்கலாம்’தான். இங்கே எனக்கு வருவது வெறும் எரிச்சல் இல்லை, கோபம்.

எனக்குத் தெரிந்த ஹார்டுவேர் கடை ஒன்றில் ஸ்டாக் கணக்கு ஸாம்பில் ஓடுகிறது. சாயங்காலம் கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. மறுநாள் காலை மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்கவில்லை. கடையில் இருந்த தம்பி ஒரு வீடியோவைப் பார்த்து, டேட்டா ஃபோல்டரில் இருந்த ஐபிடேட்டா1 என்ற ஃபைலையும், அதோடு இருந்த லாக் ஃபைல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ஸ்டார்ட் அழுத்தினார், பச்சை வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பில் போடப் போனால் ‘டேபிள் எஞ்சினில் இல்லை’ என்றது. டேட்டாபேஸைப் பிரவுசரில் பார்க்க உதவும் பிஎச்பி மைஅட்மினில் டேபிள் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன, எதைத் தொட்டாலும் 1932 எரர்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். மைஎஸ்க்யூஎல் எரர் லாக்கை எடுத்துப் பார்த்தேன். முதல்நாள் பிரச்சினை அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது: ‘ஏரியா’ (மரியாடிபி டேபிள்களைச் சேமிக்கும் ஒரு வகை) டேபிள்களின் மீட்பு தோல்வி, அவற்றைப் பழுது பார்க்கும் கருவியை ஓட்டு, ஏரியா லாக் ஃபைல்களை நீக்கு. ஐபிடேட்டா1ஐத் தொடு என்று யாரும் சொல்லவில்லை. இன்னோடிபி என்ற இன்னொரு வகை டேபிள்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையே அந்த ஃபைலில்தான் இருக்கிறது. அதை அழித்தால் தனித்தனி டேபிள் ஃபைல்கள் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், சர்வருக்குத்தான் அவற்றை அடையாளம் தெரியாது. லாக்கில் இருந்த அந்த இரண்டு வரியைப் பேனல் அப்படியே எடுத்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

டேபிள் ஃபைல்களை முதலில் வேறு இடத்துக்கு நகர்த்தி, பழைய எக்ஸ்போர்ட் ஃபைலில் இருந்த அமைப்பை வைத்துக் காலி டேபிள்களை உருவாக்கி, ஒவ்வொன்றாக ‘டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ்’ கொடுத்துக் காலி ஃபைலைக் கழற்றி, ஃபைலைத் திரும்ப வைத்து, ‘இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ்’ கொடுத்து மீட்டேன். ஸ்டாக் வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது, பழைய எக்ஸ்போர்ட் இல்லாத கடைகள்தான் அதிகம்.

மற்ற நிறுவல் தொல்லைகள் சின்னவை. சி டிரைவில் நேரடியாகப் போடுங்கள், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வேண்டாம். நிறுவும்போதே அது எச்சரிக்கிறது, படிக்காமல் ஓகே அழுத்திவிடுகிறோம். விசி ரன்டைம் இல்லை என்று வந்தால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவினால் போதும்.

இவ்வளவு திட்டினாலும், 2002இல் இருந்து இதை இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள் என்பதை மறக்க மாட்டேன். அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் நான்கையும் தனித்தனியாகத் தேடி, பதிப்புப் பொருத்தம் பார்த்துக் கட்ட வேண்டிய வேலையை ஒரே ஃபைலில் முடித்துவிடுகிறது. நெட் இல்லாத இடத்திலும் ஓடுகிறது. எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் ஒரு ஃபைலைப் போட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, தான் எழுதியது பக்கமாக வருவதை ஒரு பிள்ளை முதன்முதலில் பார்க்கும்போது அதன் முகத்தில் தெரிகிற மலர்ச்சியை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அதற்கு இதைவிடக் குறுக்கு வழி இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நண்பர் ஒருவர், மகள் பிசிஏ சேர்ந்திருக்கிறாள், ஸாம்ப் போடலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போடச் சொல்லிவிட்டேன். ஆனால் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான். கடைக் கணக்கை மீட்டுவிட்டு வந்த வாரத்தில் அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை. என்னுடைய மெஷினில் இனி உபுண்டு லினக்ஸ்தான். அங்கேயும் அப்பாச்சி நின்றுபோகும், ஆனால் எந்தக் கட்டளையை அடித்தால் காரணம் தெரியும் என்றாவது அது சொல்கிறது.

அந்தப் பெண்ணுக்கு மூன்று விஷயம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்பாச்சியைப் பேனலில் இருந்து தொடங்காமல், ஸாம்ப் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும் ‘அப்பாச்சி ஸ்டார்ட்’ என்ற பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்யட்டும். கோளாறு என்றால் அந்தக் கறுப்புத் திரையிலேயே காரணம் வரும். லேப்டாப்பை மூடும் முன் மைஎஸ்க்யூஎல்லை ‘ஸ்டாப்’ கொடுத்து நிறுத்தட்டும். அப்புறம், ப்ராஜெக்டில் வேலை செய்த ஒவ்வொரு நாளும் பிஎச்பி மைஅட்மினில் ‘எக்ஸ்போர்ட்’ எடுத்து, அந்த எஸ்க்யூஎல் ஃபைலைத் தன் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளட்டும்.