ஒரு பல் தள்ளி

அப்பாவின் காரில் டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "இப்பத்தானே மாத்தினோம்" என்று பதில் வந்தது. அந்த "இப்ப" எப்போது என்று துருவியபோது, தங்கையின் திருமணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்து, முன்னால்தான் என்று முடிவானது. தங்கையின் மூத்த மகன் இன்று ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். மூன்று வார விடுமுறையில் ஐந்து நாட்களை, எஞ்சினின் பிஸ்டன்களும் வால்வுகளும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டைக்குக் கொடுத்த கதை இப்படித்தான் தொடங்கியது.

நான் வாழும் நாட்டில் இந்தக் கேள்வியே எழாது. பெல்ட்டை மாற்றிய பட்டறைக்காரர்கள் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதிய சிறு சீட்டு ஒன்றைப் பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவார்கள். பழைய காரை வாங்க வருகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே அந்தச் சீட்டைத்தான் தேடுவார். ஊரிலோ அந்த நினைவு முழுவதும் மெக்கானிக்கின் தலைக்குள் இருக்கிறது. அவர் பட்டறையை மூடிவிட்டு மகனோடு போய்த் தங்கிவிட்டால் காரின் வரலாறும் அவரோடு போய்விடுகிறது. எங்கள் காருக்கு நேர்ந்தது அதுதான்.

கார் 2004-ஆம் ஆண்டுத் தயாரிப்பு; ஓடியது 71,000 கிலோமீட்டர். கையேட்டில் 1,00,000 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை அப்பா சரியாகவே நினைவு வைத்திருந்தார். அதே வரியில் "அல்லது 5 ஆண்டு, எது முந்துகிறதோ அது" என்று இருப்பதை மட்டும் மறந்துவிட்டார். ஓடாமல் நிற்கும் காரிலும் ரப்பர் முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மேல் உறையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது பெல்ட்டின் முதுகு பளபளவென்று மின்னியது. நகத்தை ஊன்றி அழுத்தியும் தடம் பதியவில்லை. அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே என்றார் அப்பா. சில எஞ்சின்களில் அவ்வளவுதான். ஆனால் இந்த எஞ்சினில், திறந்த வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வந்துவிடாமல் காப்பது அந்தப் பெல்ட் ஒன்றுதான். அது அறுந்தால் வால்வுகள் வளையும், வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும் என்று சொன்ன பிறகே அவர் சாவியைத் தந்தார்.

முதலில் போனது கண்ணாடி அறையும் வரவேற்பு மேசையுமாக இருந்த பெரிய பட்டறை. பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் உருளையான ஐட்லர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றிவிடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். பழைய பம்ப் ஆறு மாதத்தில் ஒழுகத் தொடங்கினால் செய்த வேலையையெல்லாம் மறுபடி பிரிக்க வேண்டும். "நல்லாத்தானே சுத்துது சார், எதுக்கு வீணா மாத்துறீங்க?" என்று அங்கே வேலை பார்த்த இளைஞர் கேட்டார். வெளிநாட்டில் இப்படி ஒரு மெக்கானிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அங்கே உதிரிப் பாகத்தைவிட அதைப் பிரித்து மாட்டும் கூலிதான் பெரிது. ஆகவே ஒருமுறை பிரித்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள், பெல்ட்டும் தனியாக அல்லாமல் மொத்தத் தொகுப்பாகவே விற்பனைக்கு வரும். இங்கே கூலி சிறிது, பாகம்தான் பெரிது, தேய்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவர் என் பணத்தை மிச்சப்படுத்தத்தான் பார்த்தார் என்று புரிந்தபோதும் எரிச்சல் குறையவில்லை. கடைசியில் டென்ஷனரும் ஐட்லரும் மாறின. பம்ப் கைவசம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளிநாட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளரை விடவே மாட்டார்கள். சிறு வயதில் அப்பாவின் முந்தைய காரைப் பிரிக்கும்போதெல்லாம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலையாக இருந்தது. அது பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி போட்ட எஞ்சின். காலையில் கிளப்பினால் எண்ணெய் ஏறும்வரை சலசலக்கும். 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் பல் வைத்த ரப்பர் பெல்ட்டோடு தயாரிப்புக்கு வந்து அந்தச் சலசலப்புக்கு ஒரு மாற்று வழி காட்டிவிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியாத வயது.

மாலையில் கார் வந்தது. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்தால் ஸ்டீயரிங் நடுங்கியது. மேட்டில் இழுவையே இல்லை. "புது பெல்ட்டு, செட் ஆகணும் சார், ரெண்டு நாள் ஓட்டுங்க" என்றார்கள். காலணிதான் காலுக்குச் செட் ஆகும், டைமிங் பெல்ட் ஆகாது. மறுநாள் பெட்ரோலில் குறை என்றார்கள். அதற்கு மறுநாள் ஸ்பார்க் பிளக் மாறியது. நான்காம் நாள், எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டிலைக் கழற்றிக் கழுவினார்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய காரில் நீங்கள் கை வைத்தது ஒரே இடம்தானே, அங்கே ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், தகரக் கொட்டகையில் தனியாக வேலை செய்யும் ஒரு வயதானவரிடம் அப்பா அழைத்துப் போனார். அவர் புகைக்குழாயின் வாயருகே உள்ளங்கையைக் காட்டிச் சிறிது நேரம் நின்றார். "பெல்ட்டு மாத்தின பொறவுதானே இப்படி?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

எஞ்சினைக் கையால் லேசாகச் சுற்றுவதற்காகப் பிளக்குகளைக் கழற்றினார். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் புல்லியையும் கீழ் உறையையும் எடுத்தார். கிராங்க் போல்ட்டில் நீண்ட ராட்செட்டை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றினார். மேலே, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமின் சக்கரத்தில் இருந்த புள்ளி, ஹெட்டில் வெட்டியிருந்த குறிக்கு நேராக வந்து நின்றது. "இப்ப கீழே பாருங்க தம்பி" என்று ஒரு சிறு கண்ணாடியை என்னிடம் நீட்டினார். மண்டியிட்டுப் பார்த்தேன். ஆயில் பம்ப் கூட்டில் பொறித்திருந்த அம்புக்குறியை, கிராங்க் சக்கரத்தின் புள்ளி சரியாக ஒரு பல் தாண்டி நின்றது. எண்ணிப் பார்த்தேன்: கீழே 20 பல், மேலே 40. ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. வால்வுகள் தப்பியிருந்தன, இரண்டு மூன்று பல் தவறியிருந்தால் தப்பியிருக்கும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

எப்படி நடந்திருக்கும் என்பதையும் பெல்ட்டை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். "குறியைப் பாத்து மாட்டினா போதாது தம்பி, தொய்வு எந்தப் பக்கம் கிடக்குன்னு பாக்கணும்." தொய்வு முழுவதும் டென்ஷனர் அழுத்தும் பக்கத்திலும், எதிர்ப்பக்கம் இழுபட்டும் இருக்க வேண்டும். இழுபட வேண்டிய பக்கத்தில் தொய்வை விட்டு மாட்டினால், மாட்டிய நிமிடத்தில் இரண்டு குறிகளும் பார்க்க அழகாக நேராகவே நிற்கும். டென்ஷனர் அழுத்தி எஞ்சின் சுற்றியதும் தொய்வு டென்ஷனர் பக்கம் வந்து சேர, குறி ஒரு பல் விலகிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி குறிகளைப் பார்ப்பது. இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். தவிரவும், வால்வில் பிஸ்டன் முட்டினால் கைக்குத் தெரியும், நிறுத்திவிடலாம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது. கண்ணாடி அறைப் பட்டறையில் பெல்ட்டை மாட்டியதும் நேராகச் சாவியைத்தான் திருப்பியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலையை விட்டதற்கு ஐந்து நாள்.

பிரித்தது பிரித்ததுதான் என்று வாட்டர் பம்பையும், எண்ணெய் கசிந்துகொண்டிருந்த கேம் சீலையும் அன்றே மாற்றச் சொன்னேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. கிராங்க் போல்ட்டை மணிக்கட்டுக் கணக்கில்தான் முறுக்கப் போகிறார் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. வாயைத் திறந்து கேட்பதற்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த, வைத்த அளவுக்கு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்றை மரப்பெட்டியிலிருந்து எடுத்தார். கிளிக் என்றதும் கையை எடுத்தவர், அதை மறுபடி சுற்றி வைப்பதற்கு முன் அளவைக் குறைந்த எண்ணுக்கு இறக்கி ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். என்னுடைய டார்க் ரெஞ்ச் கடல் கடந்து என் கராஜில், போன குளிர்காலத்தில் சக்கரம் மாற்றியபோது வைத்த அளவிலேயே கிடக்கிறது.

கையால் இரண்டு சுற்று, குறி நேர். இன்னும் இரண்டு சுற்று, நேர். பிறகுதான் சாவியை என்னிடம் கொடுத்தார். ஸ்டீயரிங் நடுங்கவில்லை.

தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் உங்க வேலை தம்பி" என்று வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் ஒரு குச்சியையும் நகர்த்தி வைத்தார். பெல்ட் உறையின் மேல் நானே எழுதினேன். அப்பா தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கண்ணாடி போடாமல் தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுது, அப்படியே பக்கத்தில் வாட்டர் பம்பையும் சேர்த்துவிடு என்றார்.