தானே போடும் பங்க், ஆள் போடும் பங்க்: நெடும்பயணங்களில் இரண்டும் எப்படி?

தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் பங்குகளில் சிக்கல் பெரும்பாலும் கார்டால் வருகிறது. ஆள் போட்டுத்தரும் பங்குகளில் பேச்சால் வருகிறது. எந்த எரிபொருள், எவ்வளவு என்பது ஒருவர் சொல்லி இன்னொருவர் காதில் சரியாக விழுவதற்குள் நாசில் (பெட்ரோல் வரும் குழாயின் முனை) டேங்குக்குள் போய்விடுகிறது. இரண்டையும் நெடுங்காலம் பயன்படுத்திப் பார்த்ததில், தேர்வு நம் கையில் இருந்தால் தானே போடுவதையே பரிந்துரைப்பேன். விலைக்காக மட்டும் அல்ல. நாசிலை எந்த இடத்தில் நிறுத்துவது, மூடியை எவ்வளவு இறுக்குவது என்ற இரண்டும் நம் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வாடகைக் காரில் இவை இரண்டும் பின்னால் செலவு வைக்கக்கூடியவை.

ஆனால் எல்லா இடத்திலும் தேர்வு கிடைக்காது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி 1949ல் போட்ட சட்டப்படி இன்றும் ஓட்டுநர் தானே பெட்ரோல் போடக் கூடாது. ஊழியர்தான் போட வேண்டும். ஒரெகன் 1951 முதல் அப்படியே இருந்து, 2023 ஆகஸ்டில் மாறியது. அங்கே மக்கள் நெருக்கமுள்ள மாவட்டங்களில் பாதி பம்புகள்வரை தானே போடும் பம்புகளாக இருக்கலாம், விலை மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரேசில் 2000ல் தானே போடும் முறையைச் சட்டத்தாலேயே தடை செய்தது. தென்னாப்பிரிக்காவிலும் ஊழியர்தான் போடுவார். ஜப்பான் 1998ல்தான் தானே போடும் பங்குகளை அனுமதித்தது. இத்தாலியில் ஒரே பங்கில் இரண்டு வரிசை இருக்கும்: 'செர்விட்டோ' என்று எழுதியிருந்தால் ஆள் போடுவார், 'ஃபாய் தா தே' அல்லது 'செல்ஃப்' என்றால் நாமே. பலகையில் இரண்டு விலையும் தனித்தனியாக இருக்கும், செர்விட்டோ விலை அதிகம். பலகையில் பார்த்த குறைந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு தவறான வரிசையில் காரை நிறுத்துவதுதான் அங்கே பயணிகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். செர்விட்டோ வரிசையில் ஊழியர் போட்டுவிட்டால் அது செர்விட்டோ விலைதான்.

பங்குக்குள் திரும்பும் முன்பே பார்க்க வேண்டியது டேங்க் மூடி எந்தப் பக்கம் என்பது. டேஷ்போர்டில் எரிபொருள் முள்ளுக்கு அருகே உள்ள பம்ப் படத்தை ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அது காட்டும் பக்கத்தில்தான் மூடி. கதவு திறக்கும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். பல ஜப்பானிய கார்களில் ஓட்டுநர் இருக்கையருகே கீழே ஒரு நெம்புகோலை இழுக்க வேண்டும். பல ஐரோப்பிய கார்களில் காரின் பூட்டு திறந்த நிலையில் இருந்தால் மட்டுமே டேங்க் கதவை அழுத்தித் திறக்கலாம். சாவியால் பூட்டிவிட்டு வந்து அழுத்தினால் அசையாது. பெட்ரோலிலும் சார்ஜ் செய்த பேட்டரியிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகள் பலவற்றில் டேங்க் அழுத்தத்தோடு மூடப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தி, அழுத்தம் வெளியேறும்வரை சில விநாடி காத்திருந்தால்தான் திறக்கும். இது தெரியாத ஊழியர் கதவை நெம்பிப் பார்ப்பார், எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி பணம். அமெரிக்காவில் பம்பில் கார்டைச் செருகியதும் பெரும்பாலும் ஐந்து இலக்க ஜிப் கோடு (அந்நாட்டு அஞ்சல் குறியீடு) கேட்கும். வெளிநாட்டுக் கார்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. எதையாவது அடித்தால் கார்டு நிராகரிக்கப்படும், இரண்டு மூன்று முறை முயன்றால் வங்கி சந்தேகப்பட்டு கார்டையே முடக்கவும் செய்யும். கனடா கார்டு வைத்திருப்பவர்கள் தங்கள் அஞ்சல் குறியீட்டில் உள்ள மூன்று எண்களோடு இரண்டு பூஜ்ஜியம் சேர்த்து அடிப்பதுண்டு, சில இடங்களில் அது எடுபடும். மற்றவர்களுக்கு நேர்வழி ஒன்றே: பம்ப் எண்ணைப் பார்த்துக்கொண்டு கடைக்குள் போய், "ஐந்தாம் பம்ப், நாற்பது டாலர்" என்று முன்பணம் கட்டுவது. டேங்க் முப்பதிலேயே நிரம்பினால் திரும்பப் போய் மீதியை வாங்கிக்கொள்ளலாம். கார்டில் கட்டியிருந்தால் மீதி கார்டுக்கே திரும்பும்.

கார்டு வேலை செய்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று பம்புக்குத் தெரியாது. அதனால் முதலில் ஒரு தொகையை வங்கியில் நிறுத்திவைக்கும். அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் இதன் உச்சவரம்பை 2022ல் 175 டாலராக உயர்த்தின. கிரெடிட் கார்டில் இது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். டெபிட் கார்டிலோ கணக்கில் உள்ள பணமே முடங்கும். நாற்பது டாலருக்குப் போட்டுவிட்டு மாலையில் விடுதிக்குப் பணம் கட்டும்போது கார்டு ஏற்காததற்குக் காரணம் இதுவாக இருக்கும். நிறுத்திவைத்த தொகை சில மணி நேரத்திலோ சில நாளிலோ விடுபடும், அது வங்கியைப் பொறுத்தது. பயணத்தில் பெட்ரோலுக்கென்று ஒரு கிரெடிட் கார்டைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. அமெரிக்கப் பங்குகள் பலவற்றில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை என்று எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது ரொக்க விலையாக இருக்கலாம்.

ஐரோப்பாவில் ஆளே இல்லாத தானியங்கி பங்குகள் உண்டு. அங்கே கார்டில் கட்டுவதானால் சிப் உள்ள கார்டும் அதன் ரகசிய எண்ணும் (PIN) பெரும்பாலும் தேவை. இத்தாலியில் இரவு நேர இயந்திரத்தில் நோட்டைப் போட்டால் சில்லறை தராது. மீதித் தொகைக்கு ஒரு ரசீது வரும், பங்க் திறந்திருக்கும் நேரத்தில் அதே இடத்துக்குப் போய்த்தான் அதை மாற்ற முடியும். மறுநாள் வேறு ஊரில் இருப்பவருக்கு அது போன பணம்தான். அதனால் சின்ன நோட்டாகப் போடுங்கள். பிரிட்டனில் பழக்கம் தலைகீழ்: முதலில் போட்டுவிட்டுப் பிறகு உள்ளே போய்க் கட்டுவது. பம்ப் எண் மறந்தால் வரிசையில் நின்றுகொண்டு ஜன்னல் வழியே தேட வேண்டியிருக்கும்.

நாசில் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பிரிட்டனில் பச்சை பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பல பங்குகளில் பச்சைப் பிடி டீசல். ஜப்பானில் சிவப்பு சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர் ஆக்டேன், பச்சை டீசல். மெக்சிகோவில் பச்சை சாதாரண பெட்ரோல், சிவப்பு பிரீமியம், கறுப்பு டீசல். ஒரு நாட்டில் கை பழகிய நிறம் அடுத்த நாட்டில் இன்ஜினைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் நாசிலிலும் புதிய கார்களின் மூடியிலும் ஒரே குறி உண்டு: வட்டத்துக்குள் E5, E10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் B7 என்றால் டீசல். மூடியில் உள்ள குறியும் நாசிலில் உள்ள குறியும் ஒன்றா என்று பார்த்தால் போதும், மொழி தேவையில்லை.

டீசல் நாசிலின் குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், பெட்ரோல் நாசில் ஏறத்தாழ 21. அதனால் இன்றைய பெட்ரோல் காரில் டீசல் நாசில் நுழையாது, கை தானாக நின்றுவிடும். டீசல் காரில் பெட்ரோல் நாசிலோ சுலபமாக நுழைந்துவிடும். அபாயமும் அந்தப் பக்கம்தான் அதிகம்: காருக்குள் இருக்கும் டீசல் பம்புக்கு டீசலே மசகு; பெட்ரோல் அதைக் கழுவிவிட, உயர் அழுத்த பம்ப் உரசித் தேய்ந்து, உலோகத் துகள் இன்ஜெக்டர்வரை போகும். தவறைப் போடும்போதே உணர்ந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள், பல வண்டிகளில் இக்னிஷன் போட்டதுமே டேங்கில் உள்ள மின் பம்ப் ஓடி எரிபொருளை முன்னே தள்ளிவிடும். காரை நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்ய ஆள் கூப்பிடுங்கள். டீசல் காரில் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூவுக்கான நீல மூடித் துவாரம் தனி. அந்த யூரியா கரைசல் டீசல் டேங்கில் விழுந்தால் படிகமாகும், அப்போதும் இதே விதிதான். தவறான எரிபொருளால் வரும் சேதத்தை வாடகைக் கார் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பெட்ரோல் இன்ஜினில் முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் அளவைக் காட்டும் ஆக்டேன் எண்ணும் குழப்பும். அமெரிக்காவில் 87 என்பது வேறு கணக்கு. பிற நாடுகளில் 91 அல்லது 92 என்று எழுதியிருப்பதற்கு அது ஏறத்தாழச் சமம். மலைப் பிரதேச மாநிலங்களில் 85 என்று மலிவாக ஒன்று கிடைக்கும். இன்றைய கார்களுக்கு வேண்டாம். எத்தனால் மிகுந்த E85ஐ, அதற்கென்றே செய்த ஃப்ளெக்ஸ் வண்டிகள் தவிர எதிலும் போடக் கூடாது. அங்கே அளவு கேலனில்; ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்.

நாசிலை முழுமையாக உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அதன் முனைக்கு அருகே ஒரு சிறு துளை இருக்கும். எரிபொருள் ஓடும் வேகத்தில் அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்படும். டேங்க் நிரம்பி எரிபொருள் துளையை மூடியதும் உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு சவ்வு இழுபட்டு, விசை 'டக்' என்று விடுபடும். முதல் 'டக்'கோடு நிறுத்த வேண்டும். மேலும் அழுத்தினால் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே போய்விடும். அது நனைந்தால் பழுதுதான். டேங்க் காலியாக இருக்கும்போதே அடிக்கடி 'டக்' என்று நின்றால் துளைக்குள் எரிபொருள் தெறிக்கிறது என்று பொருள். நாசிலைக் கால் சுற்று திருப்பி, சற்றே வெளியே இழுத்து, விசையைப் பாதியளவு மட்டும் அழுத்திப் பாருங்கள். டீசல் நுரைக்கும், முதலில் நின்றதும் சிறிது நேரம் காத்திருந்து ஒருமுறை தொடரலாம். லாரிகளுக்கான வேகமான டீசல் பம்பைக் காருக்குப் பயன்படுத்தாதீர்கள். நாசிலைச் சுற்றி ரப்பர் உறை உள்ள பம்புகளில் அதை வண்டியோடு நன்றாக அழுத்தினால்தான் எரிபொருள் வரும். சில பழைய பம்புகளில் நாசில் வைக்கும் இடத்தில் உள்ள நெம்புகோலைத் தூக்க வேண்டும், பம்ப் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது அங்கேதான்.

போடும்போது மறுபடி காருக்குள் ஏறி உட்காரக் கூடாது. இருக்கைத் துணியில் உரசி உடலில் சேரும் நிலைமின்சாரம், திரும்பி வந்து நாசிலைத் தொடும்போது பொறியாகப் பாயும். உள்ளே போயே ஆக வேண்டியிருந்தால், திரும்பியதும் டேங்கிலிருந்து தள்ளி, கதவின் உலோகத்தை முதலில் தொடுங்கள். ஜப்பானில் இதற்கென்றே பம்பில் ஒரு கறுப்புத் தகடு இருக்கும். கையை அதில் வைத்த பிறகே நாசிலை எடுக்க வேண்டும். அங்கே உள்ளே இருக்கும் ஊழியர் பார்த்து அனுமதித்த பிறகுதான் பம்ப் ஓடும், எனவே சில விநாடி தாமதம் இயல்பு. கேனில் பெட்ரோல் பிடிக்க அங்கே வாடிக்கையாளருக்கு அனுமதியில்லை. ஊழியரைக் கேட்க வேண்டும்.

ஆள் போடும் பங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல் இறங்கி நிற்பது நல்லது. எரிபொருளின் பெயரை முதலில் சொல்லி, பிறகு தொகையைச் சொல்லுங்கள். மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதை விரலால் காட்டினால் மொழிப் பிரச்சினையே இல்லை. ஒரே மாடல் பெட்ரோலிலும் டீசலிலும் வருவதால் ஊழியர் காரின் முகத்தைப் பார்த்து ஊகிப்பார். மீட்டர் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மெக்சிகோவில் நல்ல ஊழியர்கள் தாங்களே அதைச் சுட்டிக்காட்டுவார்கள். இன்னொருவர் வந்து கண்ணாடி துடைக்கிறேன், டயர் பார்க்கிறேன் என்று பேச்சுக் கொடுக்கும்போதும் பார்வை மீட்டரிலேயே இருக்கட்டும். தொகையை முழு எண்ணாக்க 'டக்' ஆன பிறகும் அழுத்துவது ஊழியர்களின் பழக்கம். "முதல் 'டக்'கோடு போதும்" என்று முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவிலும் மெக்சிகோவிலும் சிறு டிப்ஸ் வழக்கம், சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.

மூடியை நீங்களே ஒருமுறை திருகிப் பாருங்கள். சரியாக மூடாத மூடியால் ஆவி கசிந்து இன்ஜின் விளக்கு எரியும், P0457 என்ற பழுதுக் குறியீடு பதிவாகும். ஆனால் உடனே எரியாது. வண்டி தன் சோதனையை ஓட்டி முடித்த பிறகு, பங்க் பல மைல் பின்னால் போன பிறகே எரியும். மூடியை 'கிளிக்' வரும்வரை இறுக்கினால் சில பயணங்களில் தானே அணைந்துவிடும்.

மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் ஆள் போடுவதே வேண்டாம். டேங்க் ஆழமில்லாததால் நாசில் மேலாக நிற்கும், தானாக நிற்கும் வசதியை நம்ப முடியாது, வழிந்தால் சூடான இன்ஜின் மேல்தான். நியூ ஜெர்சியிலேயே பல ஊழியர்கள் நாசிலை ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

மழை கொட்டும்போதும், பின்சீட்டில் குழந்தை தூங்கும்போதும் ஆள் போடும் வரிசை கூடுதல் விலைக்குத் தகுதியானதே. இறங்க முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஒரே ஊழியர் மட்டும் பணியில் இருக்கும் நேரம் தவிர, தானே போடும் பங்கிலும் கேட்டால் உதவிக்கு ஆள் வந்து போட வேண்டும், கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. பம்பில் அழைப்புப் பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஹார்ன் அடிக்கலாம், அல்லது பங்கின் எண்ணுக்குப் போன் செய்யலாம்.