இரண்டு துண்டு கொலாஸ்டமி பை: அப்பாவின் அன்றாடப் பயன்பாட்டை வைத்து ஒரு மதிப்பீடு

மலக்குடல் புற்றுநோய்க்காக ஆசனவாயையும் சேர்த்து அகற்றியவர்களுக்கு, பெருங்குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் கொலாஸ்டமி. ஸ்டோமா எனப்படும் அந்த வாயில் அடக்கும் தசை கிடையாது. மலம் தன் போக்கில் வரும். அதன்மேல் ஒட்டும் பையுடன்தான் என் அப்பா வாழ்கிறார். ஒரே துண்டாக வரும் பை, இரண்டு துண்டாக வரும் பை ஆகிய இரண்டையும் அவருக்குப் போட்டுப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டில் நிலைத்தது இரண்டாவது வகை.

இதில் ஃபிளாஞ்ச் என்னும் ஒட்டும் தட்டு தனி, பை தனி. தட்டைத் தோலில் ஒட்டி, அதிலுள்ள பிளாஸ்டிக் வளையத்தில் பையை அழுத்திப் பொருத்த வேண்டும். தட்டை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பையை மட்டும் வேண்டியபோது கழற்றிக்கொள்ளலாம். ஒரே துண்டுப் பையை மாற்றும் ஒவ்வொரு முறையும் பசையும் தோலிலிருந்து உரிந்து வரும்; எழுபது வயதைக் கடந்த அப்பாவின் மெலிந்த தோல் அதைத் தாங்கவில்லை.

பையைக் காட்டிலும் தட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அளவு அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக ஓட்டை வெட்ட வேண்டும். ஓட்டை பெரிதானால் மலம் தோலில் பட்டுச் சுற்றிலும் சிவந்து புண்ணாகும். சிறிதானால் தட்டின் விளிம்பு ஸ்டோமாவை உரசும். ஸ்டோமாவுக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், உரசுவது அவருக்குத் தெரியாது. நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கிவிடும் என்பதால், மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, நன்றாக உலர்ந்த பிறகே தட்டை ஒட்ட வேண்டும். தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவினால் தட்டு பிடிக்காது. ஒட்டியபின் சில நிமிடங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தால், உடல் சூட்டில் பசை இளகி நன்றாகப் பற்றிக்கொள்கிறது.

நம் ஊர்க் கோடையில் இந்தத் தட்டு நான்கு நாள் தாங்குவதில்லை. வியர்வையில் ஓரம் வெளுத்துச் சுருளத் தொடங்கினால், கசிவுக்குக் காத்திராமல் மாற்றிவிடுவதே நல்லது. பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தாலும் பசை கெட்டுவிடும்.

உடை விஷயத்தையும் சொல்ல வேண்டும். வேட்டியின் இறுக்கம் வளையத்தின்மேல் விழுந்தால், மலம் கீழே இறங்காமல் மேற்பகுதியிலேயே தங்கிப் பசைக்கு அடியில் புகுந்துவிடும். ஆகவே, திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையாக இருந்தால், ஸ்டோமா வர வேண்டிய இடத்தை முன்கூட்டியே நோயாளியை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் குறிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வேட்டியோ சேலையோ கட்டும் இடத்தை அப்போதே காட்டிவிடுங்கள்.

நாற்றம் வருமோ என்ற அச்சம்தான் பலரை வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது. சரியாகப் பொருந்திய பையிலிருந்து நாற்றம் வருவதில்லை. கரி வடிகட்டி உள்ள பையில் காற்றும் தானாக வெளியேறிவிடும். வடிகட்டி நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அப்பா கழிவறைக்குப் போய்க் காலிசெய்துவிட்டு வருகிறார். கல்யாண வீட்டுப் பந்தியிலும் உட்காருகிறார். டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்ற செவிலியர், ஸ்டோமா வைத்த தன் சகோதரி தோரா வெளியே செல்ல அஞ்சியதைக் கண்டுதான், 1954இல் தோலில் ஒட்டும் பைக்கான யோசனையை முன்வைத்தார். அதிலிருந்தே கோலோபிளாஸ்ட் நிறுவனம் 1957இல் உருவானது. அந்தச் செவிலியருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. வளையத்தின் தடிப்பு மெல்லிய சட்டைக்கு மேல் தெரிகிறது. தட்டின் வளையமும் பையின் வளையமும் ஒரே அளவில், ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருந்தால்தான் பொருந்தும். ஒரு மருந்துக் கடையில் 57 மில்லிமீட்டர் தட்டுக்கு 45 மில்லிமீட்டர் பையைக் கொடுத்துவிட்டு, பெட்டியைப் பிரித்துவிட்டோம் என்று சொல்லித் திரும்ப வாங்க மறுத்தார்கள். மாதாமாதம் வாங்கும் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் பாரம்.

இந்தச் செலவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாங்களாகவே முடிவுசெய்து, மாதக்கணக்கில் கைமருந்து தின்பவர்கள் நம்மிடையே ஏராளம். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்; கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் ஆசனவாயைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடுகிறது. பெற்றோருக்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலோ, பெற்றோருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னரோ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நானும் என் தங்கையும் செய்துகொண்டோம்.

கைநடுக்கம் உள்ளவர்களுக்கும், வளையத்தை அழுத்திப் பொருத்த விரலில் வலுவில்லாதவர்களுக்கும் ஒரே துண்டுப் பையே எளிது. மற்றவர்களுக்கு, குறிப்பாகத் தோல் எளிதில் புண்ணாகும் முதியவர்களுக்கு, இரண்டு துண்டுப் பையையே பரிந்துரைக்கிறேன். முதலில் பெட்டியாக வாங்காமல், ஸ்டோமா செவிலியரிடம் ஒன்றிரண்டு மாதிரிகளைக் கேட்டு வாங்கி, ஒட்டிப் பார்த்த பிறகு முடிவுசெய்யுங்கள்.