பாட்டை ஏற்ற: ஆண்டுச் சந்தாவா, ஒருமுறைக் கட்டணமா?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பாட்டு பதிந்தோம். கிதாரும் குரலும் வீட்டிலேயே முடிந்தன. டிரம்ஸுக்கு மட்டும் திருவனந்தபுரம் ஸ்டுடியோ. ஆடி மழையில் தகரக் கூரைக்குக் கீழே மைக் வைத்தால் மழைதான் பதியும். (டிரம்மர் சர்ச் கொயரில் வளர்ந்தவன், நம்ம மாவட்டத்தில் வேறெங்கே வளர்வான்!)

ஸ்பாட்டிஃபையில் நாமே நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது, நடுவில் விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட், சிடி பேபி இரண்டும் அப்படிப்பட்டவை. டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுச் சந்தா. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஸ்பாட்டிஃபை வருமானத்தில் பங்கு கேட்காது. சிடி பேபியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரே ஒருமுறை கட்டணம், வருமானத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. பாட்டு போய்ச்சேரும் இடங்களில் பெரிய வித்தியாசமில்லை.

நாங்கள் சிடி பேபிக்குப் போனோம். காரணம், அடுத்த வருஷம் யார் பணம் கட்டுவது என்ற கேள்வி. பேஸ் வாசிக்கிறவன் துபாய்க்கு விசா பார்த்துக்கொண்டிருக்கிறான், டிரம்மர் பெங்களூரில். சந்தா நின்றால் பாட்டு தளங்களிலிருந்து இறங்கிவிடும்; பிளேலிஸ்ட்டில் சேர்த்து வைத்தவர்களுக்கு அது சாம்பல் நிறத்தில் கிடக்கும், தட்டினால் ஓடாது. கார்டில் தானாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விடவும் பயம். 2021 அக்டோபரில் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபிறகு, வெளிநாட்டுச் சந்தாக்கள் நம்மூர் கார்டுகளில் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோன கதைகள் ஏராளம். கூடுதலாகக் கட்டினால் சந்தா முடிந்தாலும் பாட்டை எடுக்காமல் வைக்கும் வசதி டிஸ்ட்ரோகிட்டில் உண்டு. ஆனால் அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு பாட்டு போடுகிறவனுக்குச் சந்தா மலிவு என்ற பேச்சே போய்விடுகிறது.

அந்த 9 சதவீதம்? 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசே தருவதில்லை. முதலில் அந்த ஆயிரத்தைத் தாண்டுவோம், மக்கா.

விளம்பர வேலை எந்த வழியில் போனாலும் நம் தலையில்தான். ஒன்று மட்டும்: பாட்டை முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். வெளியாவதற்கு 7 நாளாவது முன்னால் ஸ்பாட்டிஃபை ஆர்ட்டிஸ்ட் கணக்கு வழியாகப் பிளேலிஸ்ட் பரிந்துரைக்கு அனுப்பினால், நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் (ஸ்பாட்டிஃபை ஒவ்வொருவருக்கும் வாராவாரம் தரும் புதுப் பாட்டுப் பட்டியல்) அந்தப் பாட்டு வரும்.

மாசம் ஒரு பாட்டு போடும் குழுவென்றால் ஆண்டுச் சந்தாதான் லாபமாக இருக்கும். நாங்கள் அந்த வேகத்தில் ஓடிப் பார்த்ததில்லை.