பலபெலியில் சொந்தப் படப்புதிர்கள்: நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வீட்டுப் படங்களை ஜிக்சா புதிராக்கி அம்மாவுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் கொடுப்பது சில வருஷமாகவே என் வழக்கம். அதற்கு நான் விடாமல் பயன்படுத்துவது பலபெலி (Palapeli). கேடிஇ (KDE) என்ற மென்பொருள் சமூகத்தினர் உருவாக்கும், கணினியில் ஜிக்சா போடுவதற்கான கட்டற்ற மென்பொருள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். காசு இல்லை, விளம்பரம் இல்லை, நம் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை. குடும்பப் படங்களை வைத்து விளையாடப் போகிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம் என்பேன்.

புதிர் செய்வதில் கஷ்டமே இல்லை. படத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர் கொடுத்து, எப்படி வெட்ட வேண்டும், எத்தனை துண்டு என்று சொன்னால் புதிர் தயார். செவ்வகமாகவும் வெட்டலாம், குமிழும் பள்ளமுமாக வழக்கமான ஜிக்சா வடிவிலும் வெட்டலாம். பாதியில் மூடிவிட்டுப் போனாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சமையலுக்கு நடுவே வந்து உட்காருகிற அம்மாவுக்கு இது பெரிய வசதி.

உண்மையான வேலை இருப்பது படத்தில்தான். புதிர் நன்றாக அமைவதும் சப்பென்று போவதும் அங்கேதான் முடிவாகிறது. ஊர்த் தேர்த் திருவிழாப் படம் ஒன்று. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேல்பாதி முழுக்க நீல வானம். அப்படியே வெட்டினால் பாதித் துண்டுகள் ஒரே நீலமாக இருக்கும். கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, தேர்ச்சீலையும் வடம் பிடிக்கிற கூட்டமும் சட்டத்தை நிறைக்கும்படி வெட்டியெடுத்த பிறகு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முகமோ ஒரு துணிக்கரையோ அகப்பட்டது. அம்மா விளிம்புகளைத் தேடுவதே இல்லை. முதலில் பட்டுப்புடவைச் சரிகையைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்துவிடுவார். அதிலிருந்து ஆள் ஆளாக உருவாகும். புதிர் போடப் போகிறவரின் கண் எதைத் தேடும் என்று தெரிந்து படத்தை வெட்டினால் பாதி வேலை முடிந்தது.

பழைய கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பின்னாலிருக்கும் திரை ஒரே சாம்பல் நிறம். ஆட்களை நெருக்கி வெட்டி, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டினால் தாங்கும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள்: 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் வரும். 1000 பிக்சல் அகலப் படத்தை குறுக்கே 20 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 50 பிக்சல்தான் மிஞ்சும். பெரிதாக்கிப் பார்த்தால் கலங்கலாகத் தெரியும்.

கோலப் படங்களை ஆரம்பக்காரர்களுக்குக் கொடுக்காதீர்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி வளைவதால், கண்ணுக்குப் பொருந்துகிற துண்டு வேறு மூலைக்கு உரியதாக இருக்கும். தன் சரியான பக்கத்துத் துண்டோடு மட்டுமே பலபெலியில் ஒட்டும் என்பதால் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். பழகியவர்களுக்கோ அதைவிட நல்ல புதிர் கிடையாது.

துண்டு எண்ணிக்கையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 4:3 படமென்றால் 4×3, 8×6, 12×9, அதாவது 12, 48, 108. 3:2 படமென்றால் 12×8, மொத்தம் 96. இப்படிப் போனால் துண்டுகள் சதுரத்தை ஒட்டி வரும், நீட்டி இழுத்த மாதிரி இராது. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கு 12 போதும். அம்மாவுக்கு ஒரு மத்தியானத்துக்கு 108 சரியாக இருக்கிறது. நூற்றுக்கணக்கில் போனால் துண்டுகளைப் பிரித்து வைக்கத் தனிச் சின்னச் சாளரங்கள் உண்டு. முகங்கள் ஒன்றில், புடவைகள் ஒன்றில் என்று ஒதுக்கலாம். நான் மிகவும் விரும்புகிற வசதி இதுதான். ஆயிரத்தைத் தாண்டினால் பழைய லேப்டாப் திணறும்.

துண்டுகளைச் சுழற்ற வழியில்லை, எல்லாம் நேராகவே வரும். கடினமான புதிர் தேடுகிறவர்களுக்கு இது குறைதான். பெரியவர்களும் பிள்ளைகளும் போடுகிற புதிருக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம்.

செய்த புதிரைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பலாம். வாங்குகிறவரிடமும் பலபெலி இருக்க வேண்டும். அக்கா வீட்டில் இல்லை. அதனால் அவர்களுக்குக் காகிதத்திலேயே செய்கிறேன். கிம்பில் ஃபில்டர்ஸ், ரெண்டர், பேட்டர்ன் என்று போனால் ஜிக்சா இருக்கும். படத்தின் மேல் வெட்டுக்கோடுகளை அதுவே வரைந்து தரும். ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் 3508×2480 பிக்சல் வேண்டும். அச்செடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் குமிழ்களின் ஓரத்தில் தாள் பிரிந்து வந்துவிடும்.