லைன் போனால் கல்லா திறக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலா வியாபாரம் செய்பவர் ஒருவர், நாலு கடை, ஒரு கிடங்கு. பில், ஸ்டாக், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து மென்பொருள் செய்து தருகிறோம். இணையம் வழியே வேறிடத்து சர்வரில் ஓடும் முழு கிளவுடா, பாதியைக் கடையிலேயே வைக்கும் ஹைபிரிடா என்று இழுபறி. இங்கேயே ஐந்து தலைமுறை ஆகிவிட்டதால் அவருக்குத் தமிழ் 'வணக்கம்' வரைதான், ஆனால் கேட்டது சரியான கேள்வி: இணைய லைன் போனால் கல்லா திறக்குமா?

அந்த ஒன்றை விட்டால் கிளவுட்தான் என் கட்சி. 'சர்வர் ஐரோப்பாவில் கிடக்கிறது, திரை வர நேரமாகிறது' என்ற பழைய புலம்பல் இப்போது செல்லாது. மைக்ரோசாஃப்ட் 2019இல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், அமேசான் 2020இல் கேப் டவுனில், கூகுள் 2024இல் ஜோஹன்னஸ்பர்க்கில் டேட்டா சென்டர்களைத் திறந்துவிட்டார்கள். போப்பியா (இந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) சட்டத்துக்காக ஹைபிரிட் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள், வாடிக்கையாளர் விவரத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பத்தான் அது நிபந்தனை போடுகிறது, கடைக்குள்ளேயே பூட்டி வை என்று சொல்லவில்லை. கிளவுடில் எனக்கு உறுத்துவது டாலர் விலைதான், இந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தால் நாம் எதுவும் கூட்டாமலே பில் கூடும்.

சரி, லைன். 2023இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) ஆறாம் கட்டம் வரை போனபோது மொபைல் டவர் பேட்டரியே தீர்ந்துபோய் சிக்னலும் போனது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெரும்பாலும் நிம்மதி, ஆனாலும் கேபிள் திருட்டு நிற்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் மேற்குக் கடலில் வெளிநாட்டுக்கு இணையம் கொண்டுபோகும் நாலு கடலடி கேபிள், மே மாதம் கிழக்கில் சீகாம், ஈஸி என்ற இரண்டு கேபிள் அறுந்தன. சர்வர் உள்நாட்டில் இருந்தாலும் லாகின் சேவை வெளிநாட்டில் என்றால் கவுண்டர்காரர் உள்ளேயே நுழைய முடியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஹைபிரிட் என்றால் கடைக்கு ஒரு சின்னக் கணினிப் பெட்டி, யுபிஎஸ், லைன் வந்ததும் கிளவுடோடு கணக்கைச் சேர்க்கும் சிங்க். சொல்ல சுலபம். வேறொரு வாடிக்கையாளரிடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் லைன் அரைநாள் போக, கிடங்கில் இருந்த 12 மூட்டையில் ஒரு கடை 10, இன்னொன்று 9 விற்றுவிட்டன, இருப்பு மைனஸ் 7. தப்பு எங்களுடையதுதான். இப்போது கடைகள் 'மீதி இவ்வளவு' என்று அனுப்புவதில்லை, ஒவ்வொரு வரவையும் விற்பனையையும் தனித்தனி வரியாக அனுப்புகின்றன, லைன் இல்லாதபோது கிடங்கு சரக்கில் தன் பங்குக்கு மேல் எந்தக் கடையும் விற்க முடியாது. அப்புறம் அந்தப் பெட்டிக்கு அப்டேட் போட, டிஸ்க் போனால் மாற்ற ஓர் ஆள் வேண்டும், நாலு கடைக்கு நாலு பெட்டி.

அதனால் பில் மட்டும் கடையில், மற்றதெல்லாம் கிளவுடில் என்று முடிவு செய்திருக்கிறோம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை காலை ரூட்டரைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றேன். மசாலாக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் சம்மதமாம்.